ஆறடி வெர்மிபெட்: மலைவீட்டுத் தோட்டத்துக்குச் சரிப்படுமா?

சமவெளியில் விற்கும் வெர்மிபெட், அதாவது மண்புழு உரம் தயாரிக்கும் பை, மலைக்கும் ஆகும். பையோடு வரும் செய்முறைத் தாள்தான் ஆகாது. தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறது அந்தத் தாள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அப்படித் தெளித்தால் சில வாரங்களில் பைக்குள் சேறுதான் மிஞ்சும்.

இங்கே பார்ப்பது 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட பை. கடைக்காரர்கள் முதலில் எடுத்துப் போடுவது 12 அடிப் பையை. வீட்டுக்கு அது வேண்டாம். ஒன்றரை அடி உயரத்துக்கு நிரப்பவே ஒரு டன்னுக்கு மேல் சாணமும் சருகும் தேடி அலைய வேண்டும். ஒரு குடும்பத்தின் காய்கறிக் கழிவுக்கும் தோட்டத்துச் சருகுக்கும் ஆறடியே தாராளம். செங்கலும் மணலும் மலை ஏறி வரும் லாரி வாடகையைச் சேர்த்தால், தொட்டி கட்டும் செலவில் சிறு பங்குதான் இந்தப் பைக்கு ஆகும்.

பை பிளாஸ்டிக் இழையில் நெய்த துணி. அது 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கனத்தில் இருக்கட்டும். 250 ஜிஎஸ்எம் பை மலிவுதான். ஆனால் பையை நிறுத்தும் கம்புகள் நுழையும் உறையின் தையல் ஈர உரத்தின் பாரத்தில் விட்டுப்போகும். அந்தத் தையல் இரட்டையாக இருக்கிறதா, மூலையில் வடிகுழாய் இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தே வாங்குங்கள். கம்பு பையோடு வராது. மூன்றடி நீளத்தில் எட்டு மூங்கிலோ சீகை (வாட்டில்) மரக் கம்போ போதும். ஓரடி மண்ணுக்குள் இறங்க வேண்டும். வடிகுழாய் இருக்கும் மூலைப் பக்கம் தரை 2 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். மேட்டுப் பக்கம் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டாவிட்டால் மேலே இருந்து வரும் மழைநீர் பையின் அடியில் தேங்கும்.

கூரை கட்டாயம். பழைய தகரம் போதும், ஆனால் சுவர் இல்லாத பக்கமெல்லாம் ஒன்றரை அடி வெளியே நீட்டியிருக்க வேண்டும். இங்கே மழை நேராகவா விழுகிறது? கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் வடகிழக்குப் பருவத்திலும் சாரல் அடிக்கும் பக்கத்தைச் சாக்குப்படுதா போட்டு மறையுங்கள்.

பெரும்பாலோர் ஏமாறுவது புழுவில். கீழே உரப் பண்ணைகளில் அதிகம் கிடைப்பது ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ். நீளமாக, தடிமனாக, ஊதா மினுமினுப்போடு இருக்கும். வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது சுணங்கும், உறைபனி நாட்களில் செத்தே போகும். கூடலூர், தாண்டிக்குடி போன்ற தாழ்ந்த பகுதிகளில் அதை வைத்து ஓட்டலாம். ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்கு ஐசீனியா ஃபெட்டிடா என்று கேட்டு வாங்க வேண்டும். அது குட்டை, சிவந்த உடலில் வெளிர்மஞ்சள் வளையங்களும் வால்நுனியில் மஞ்சளும் தெரியும். மலையிலேயே ஒரு குளிர்காலம் தாண்டிய படுக்கையிலிருந்து கிடைத்தால் இன்னும் நல்லது. ஆறடிப் பைக்கு இரண்டு கிலோ போதும்.

அடியில் நாலு அங்குலத்துக்குத் தென்னை நார்க்கழிவு அல்லது உலர்ந்த சருகு. அதன்மேல் சாணமும் நறுக்கிய சருகும் எடைக்குச் சமமாகக் கலந்து போடுங்கள். புதுச் சாணம் சூடேறும். வெளியே குவித்து 15 முதல் 20 நாள் ஆறவிட்டு, கைவிட்டுப் பார்த்துச் சூடு இல்லையென்றால் மட்டுமே புழுவை விடலாம். சில்வர் ஓக் இலை மட்கும், நறுக்கினால். டீத்தூள் சக்கை கொஞ்சமாகப் போடலாம். தைல மர இலையில் உள்ள எண்ணெய் புழுவுக்கு ஆகாது. பைன் ஊசி மட்க வெகுகாலம் எடுக்கும். இரண்டையும் ஒதுக்குங்கள்.

ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் காய்ந்த சருகைக் கலந்து கிளறிவிடுங்கள். வெள்ளை நூல்போலச் சிறு புழுக்கள் மொய்த்தால் குட்டி போட்டிருக்கிறது என்று மகிழ வேண்டாம்: அவை வேறு இனம், உள்ளே ஈரமும் புளிப்பும் மிஞ்சிவிட்டதற்கு அடையாளம். முட்டை ஓட்டுத் தூளோ ஒரு பிடி டோலமைட்டோ (சுண்ணாம்புச் சத்துள்ள பாறைத்தூள்) தூவினால் தணியும். டிசம்பர், ஜனவரியில் மேலே ஓரடிச் சருகு, அதன்மேல் சாக்கு. புழு கீழே இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். சமவெளியில் இரண்டு மாதத்தில் முடியும் வேலை இங்கே மூன்றரை, நான்கு மாதம் இழுக்கும். இதற்குப் பையைக் குறை சொல்ல முடியாது.

சமைத்த சோறு, எண்ணெய்ப் பதார்த்தம், மீன் கழிவு உள்ளே போகவே கூடாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அது கரடிக்கு அழைப்பு வைப்பதாகும். காட்டுப்பன்றி புழுவுக்காகவே வரும். நெய்த துணி அதன் மூக்குக்குத் தாங்காது. வீட்டுச் சுவரை ஒட்டி வைத்து மற்ற மூன்று பக்கமும் கம்பி வலை அடிப்பதுதான் வழி. வலைக்கு ஆகும் செலவையும் பையின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அபராதம் போடும் மலையில் பிளாஸ்டிக் பையா என்ற கேள்வி நியாயமானதே. கூரைக்கடியில் வெயில் படாமல் இருந்தால் துணி பல பருவம் உழைக்கும். ஆனால் இழை பிரிந்து உதிரத் தொடங்கினால் ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. துணுக்குகள் உரத்தோடு மண்ணுக்குள் போய்விடும். இந்தப் பொருளில் உண்மையான குறை இதுதான்.

மலை மண் புளிப்பானது, அதாவது அமிலத்தன்மை உள்ளது. அந்தப் புளிப்பைத் தணிப்பதால் இந்த உரம் ரோஜாவுக்கும் கேரட், பீன்ஸ் பாத்திக்கும் நன்றாகப் பிடிக்கும். சதுர அடிக்கு இரண்டு கைப்பிடி மேல்மண்ணில் கிளறிவிட்டால் போதும். அசேலியா, கமேலியா அடியில் குவிக்க வேண்டாம், அவை புளிப்பு மண்ணை விரும்புபவை. டோலமைட் கலந்த உரத்தை நீல ஹைட்ரேஞ்சியாவுக்குத் தொடர்ந்து போட்டால் பூ இளஞ்சிவப்புக்கு மாறலாம்.