தேடிய வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? செட், எட், பெர்ல்: ஓர் அலசல்

விம், நானோ போன்ற எடிட்டர் எதையும் திறக்காமல் கட்டளை வரியிலிருந்தே ஒரு கான்ஃபிக் (அமைப்பு) கோப்பைத் திருத்த வேண்டிய தேவை அடிக்கடி வரும். ஸ்கிரிப்ட்டுக்குள் நடக்க வேண்டிய வேலையாக இருக்கலாம், இணைப்பு இழுபறியாக இருக்கும் தொலைதூர சர்வராக இருக்கலாம், எடிட்டரே இல்லாத கன்டெய்னராகவும் (தனித்து ஓடும் சிறு லினக்ஸ் சூழல்) இருக்கலாம். அப்போது பெரும்பாலானவர்களின் கை தானாக, வரிவரியாகப் படித்துத் திருத்தும் செட் (sed) கட்டளைக்குத்தான் போகும். சுருக்கமானது, வேகமானது, எந்த லினக்ஸிலும் கிடைக்கும். ஆனால் இந்தக் கருவிகளை நான் எடைபோடுவது வேறொரு கேள்வியை வைத்து. தேடிய வரி கோப்பில் இல்லாவிட்டால் அது என்ன செய்யும்?

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரின் கான்ஃபிக்கை எடுத்துக்கொள்வோம். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் நேரடியாக உள்ளே வருவதை நிறுத்த, ‘பெர்மிட்ரூட்லாகின்’ என்று தொடங்கும் வரியை ‘நோ’ என்று மாற்றும்படி செட்டுக்குச் சொல்கிறோம். ஓப்பன்எஸ்எஸ்எச்சோடு வரும் மூலக் கோப்பில் அந்த வரி ஹேஷ் குறி போட்டு கமென்ட்டாக, அதாவது செயல்படாத வரியாக, இருக்கிறது. நாம் கேரட் குறி வைத்து வரியின் தொடக்கத்தில் தேடியதால் எதுவும் பொருந்தாது. செட் வாயே திறக்காது. முடியும்போது அது தரும் எக்ஸிட் கோட் பூஜ்யம், அதாவது வெற்றி. ஸ்கிரிப்ட் அடுத்த வேலைக்குப் போய்விடும். இயல்புநிலையில் ரூட்டுக்கு மறுக்கப்படுவது கடவுச்சொல் மட்டும்தான். எஸ்எஸ்எச் கீ வைத்திருப்பவர் ரூட்டாகவே நுழைந்துகொண்டிருப்பார், நாமோ மூடிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்போம்.

அதே தேடலை எட் (ed) எடிட்டரிடம் கொடுத்தால் ஒரு கேள்விக்குறியைக் காட்டி நின்றுவிடும். கென் தாம்ப்ஸன் 1969-ல் பெல் லேப்ஸில் எழுதிய எடிட்டர் அது. காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரங்களில் ஒவ்வொரு எழுத்தும் காத்திருந்து வாங்க வேண்டியதாக இருந்த காலம், அதனால்தான் அத்தனை சிக்கனம். பெரிய எச் எழுத்தைக் கொடுத்தால் தவறின் காரணத்தையும் சொல்லும். கட்டளைகளை பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் வழி) அனுப்பும்போது நடப்பதுதான் முக்கியம். முதல் தவறிலேயே வேலையை நிறுத்தி, பூஜ்யம் அல்லாத எக்ஸிட் கோடோடு வெளியேறும். சேமிக்கச் சொல்லும் டபிள்யூ கட்டளை கடைசியில் இருப்பதால் அதுவரை போய்ச் சேராது, கோப்பும் தொடப்படாமல் இருக்கும். சர்வர் வேலைக்கு நான் எதிர்பார்க்கும் ஒழுங்கு இதுதான்.

இரண்டாவது வித்தியாசம் கோப்பை எழுதும் முறையில் இருக்கிறது. கோப்பிலேயே மாற்றச் சொல்லும் செட்டின் ‘மைனஸ் ஐ’ ஆப்ஷன் உண்மையில் பழைய கோப்பைத் திருத்துவதில்லை. தற்காலிகமாகப் புதுக் கோப்பு ஒன்றை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) இருந்தால் அது அறுந்துவிடும். சிம்பாலிக் லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறிப்பு) இருந்த இடத்தில் சாதாரணக் கோப்பு வந்து உட்காரும் (இதைத் தடுக்க குனு செட்டில் தனி ஆப்ஷன் உண்டு). டாக்கர் கன்டெய்னருக்குள் ஹோஸ்ட்ஸ் கோப்பை இப்படி மாற்ற முயன்றால் ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்ற பிழை வரும். அந்தக் கோப்பு வெளியிலிருந்து மவுன்ட் செய்யப்பட்டது (இணைக்கப்பட்டது) என்பதால் பெயர் மாற்ற முடியாது. எட் அதே கோப்புக்குள்ளேயே எழுதுவதால் இந்தச் சிக்கல் வராது. அதற்கும் ஒரு விலை உண்டு. எழுதும் நடுவில் டிஸ்க் நிரம்பினால் அரைகுறைக் கோப்புதான் மிஞ்சும். பெயர் மாற்றும் முறையில் அந்த ஆபத்து குறைவு.

மேக்கிலும் லினக்ஸிலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. மேக்கின் செட்டில் ‘மைனஸ் ஐ’க்குப் பிறகு பேக்கப் கோப்புக்கான பின்னொட்டைக் கட்டாயம் தர வேண்டும், வேண்டாம் என்றால் வெற்று மேற்கோளாவது போட வேண்டும். லினக்ஸில் எழுதிய வரியை அப்படியே ஓட்டினால் நம் மாற்றுக் கட்டளையையே பின்னொட்டு என்று எடுத்துக்கொள்ளும். எட் எடிட்டருக்கான ஸ்கிரிப்ட்டை இரண்டிலும் மாற்றாமல் ஓட்டலாம். ஆனால் சிறிய கன்டெய்னர்களில் எட் பெரும்பாலும் இருக்காது, தனியாக நிறுவ வேண்டும். பல ஜிபி லாக் கோப்புகளுக்கும் அது வேண்டாம். செட் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தள்ளிவிடும், எட் முழுக் கோப்பையும் உள்வாங்கிய பிறகுதான் தொடங்கும்.

பெர்ல் என்ற நிரல்மொழி எனக்குக் கைகொடுப்பது ஐபி முகவரிகளில். 10.0.0.1 என்பதை 10.0.0.5 ஆக்கச் சொன்னால் செட் 10.0.0.12-ஐயும் 10.0.0.52 ஆக்கிவிடும். தேடலில் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும் என்பது வேறு. பெர்லில் பேக்ஸ்லாஷ் கியூ, பேக்ஸ்லாஷ் ஈ இரண்டுக்கும் நடுவே முகவரியை வைத்தால் புள்ளி புள்ளியாகவே இருக்கும், இரு பக்கமும் பேக்ஸ்லாஷ் பி போட்டால் 12-இன் பக்கம் போகாது. பல வரிகளில் நீளும் பகுதியை மாற்றவும் பெர்ல்தான் எளிது. தமிழ்க் கோப்பு என்றால் எனக்கு வேறு யோசனையே கிடையாது. ‘கி’ என்ற எழுத்து யூனிகோடில் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. செட்டின் புள்ளி ககரத்தை மட்டும் பிடித்து, இகரக் குறியை அநாதையாக விட்டுவிடும். கோப்பு யூடிஎஃப்-8 என்று பெர்லுக்குச் சொல்லிவிட்டால் அதன் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் முழு எழுத்தையும் பிடிக்கும். ஆனால் எதுவும் பொருந்தாதபோது பெர்லும் செட்டைப் போல மௌனம்தான்.

முழுக் கோப்பையும் புதிதாக எழுதுவதானால் கேட் (cat) கட்டளையும் ஹியர்டாக்கும் (ஒரு முடிவுச் சொல் வரும்வரை உள்ள வரிகளைக் கட்டளைக்குத் தரும் முறை) போதும். முடிவுச் சொல்லை மேற்கோளுக்குள் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரின் கான்ஃபிக்கில் டாலர் குறியோடு வரும் ஹோஸ்ட், யூஆர்ஐ எல்லாவற்றையும் ஷெல் தன் மாறிகள் என்று எண்ணி வெறுமையாக்கிவிடும். சுடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) தேவைப்படும் இடத்தில் வெளியீட்டைக் கோப்புக்கு அனுப்பும் அம்புக்குறி உதவாது, கோப்பைத் திறப்பது நம் ஷெல்தானே. சுடோவோடு ஓட்டும் டீ (tee) கட்டளைக்கு பைப் செய்யுங்கள்.

ஆகவே ஓடும் சர்வரில் ஒரு வரியை மாற்ற எட், லாக்குக்கும் பைப்புக்கும் செட், சிக்கலான தேடலுக்கு பெர்ல் என்பது என் தேர்வு. எட் இல்லாத இடத்தில் செட்டையே ஓட்டுவதானால், முதலில் கிரெப் என்ற தேடல் கட்டளையை ‘மைனஸ் கியூ’வோடு ஓட்டி அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும். எஸ்எஸ்எச் கான்ஃபிக்காக இருந்தால் ரீலோட் செய்யும் முன் எஸ்எஸ்எச்டியை (சர்வர் நிரல்) ‘மைனஸ் டி’யோடு (சிறிய t, டெஸ்ட்டின் முதல் எழுத்து) ஒருமுறை ஓட்டுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.