ட்ராக்டர் ஹைட்ராலிக் பம்ப் போன்ல பாத்து வாங்காதீங்க... 18,500 ரூபா போச்சு

வயிறு எரியுது. நேத்து சாயங்காலம்தான் முழு விஷயமும் தெரிஞ்சுது, ராத்திரி பூரா தூக்கமே இல்ல, விடிஞ்சதும் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்களுக்கு செஞ்சி பக்கம். வண்டி 1998 மாடல், 35 ஹெச்பி, அப்பா வாங்கினது. ஆடிப் பட்டத்துக்கு மல்லாட்டை போட ஓட்டிட்டு இருக்கும்போது லிஃப்ட், அதான் பம்ப் ஆயில தள்ளி கலப்பைய தூக்குற பின்பக்க கை, உதற ஆரம்பிச்சுது. கலப்பைய தூக்கி வச்சா ஒரு இடத்துல நிக்காது, பூம்பூம் மாடு தலையாட்டுற மாதிரி கொஞ்சம் இறங்கும், டக்குனு ஏறும், மறுபடி இறங்கும். வரப்புல திருப்பும்போது பின்னாடி பாக்கவே பயமா இருக்கும்.

பழைய ட்ராக்டர் சாமான் எல்லாம் வீடியோ போட்டு விக்கிறவங்க இருக்காங்கல்ல, அதுல ஒரு ஆளு. பேரு வேணாம். நான் அரை நிமிஷ வீடியோ எடுத்து அனுப்பினேன், அவரு அதக்கூட முழுசா பாத்திருக்க மாட்டாரு, "பம்பு போச்சுண்ணே"ன்னு வாய்ஸ் வந்துச்சு. ரீகண்டிஷன் பம்ப் 22,500, பழைய பம்ப குடுத்தா 4,000 குறைச்சுக்கறேன், ஆறு மாசம் கேரண்டி. நான் யோசிக்கிறேன்னு சொன்னேன். அப்போதான் அடுத்த வாய்ஸ், "எங்கப்பாவும் சம்சாரிதாண்ணே, சம்சாரி வயித்துல அடிச்சா நான் வெளங்குவனா". பின்னாடி ஒரு பாப்பா ஏழாம் வாய்ப்பாடு சொல்லிட்டு இருந்துச்சு. அங்கதான் விழுந்தேன். சத்தியமா சொல்றேன், அந்த பாப்பா குரல் இல்லன்னா அனுப்பியிருக்க மாட்டேன். 18,500 ஜிபேல போட்டுட்டேன், பில்லு கூட கேக்கல. எங்க பம்ப கழட்டி நானே பார்சல் ஆபீஸ்ல கொண்டு போய் போட்டேன், அந்த கூலியும் என் தலையில.

வந்த பம்ப்ல நீல பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்துச்சு. எங்க வண்டி ஃபெர்குசன் டைப், பம்பு உள்ள ஆயில்லயே மூழ்கி இருக்கும், மாத்தணும்னா லிஃப்ட் கவர மொத்தமா தூக்கணும். ஃபிட்டிங் கூலி 3,000, ஆயில் தனி. எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணா அதே பூம்பூம் மாடு! முன்ன விட மெதுவா வேற தூக்குது.

போன் பண்ணா "ஃபிட்டிங் மிஸ்டேக்ணே". அடுத்த நாள் "புது ஆயிலா ஊத்துனீங்க?" அதுக்கடுத்த நாள் கோயில்ல இருக்காராம். வீடியோ அனுப்புன்னாரு, நாலு அனுப்பினேன், நாலுக்கும் ப்ளூ டிக், பதில் இல்ல. அப்புறம் "கேரண்டி உடைஞ்சா மட்டும்தான்ணே". அதுக்கப்புறம் ப்ளாக். எங்க வீட்டுக்காரம்மா நம்பர்ல இருந்து போட்டேன், என் குரல கேட்டதும் "ராங் நம்பர்". பேங்க்ல போய் கேட்டா "நீங்களாதானே சார் அனுப்பினீங்க"ன்னு சிரிக்காத குறையா சொல்றாங்க. 18,500 சார் அது!

நேத்து பக்கத்து ஊர்ல இருந்து ஒரு பழைய மெக்கானிக் பெரியவர கூட்டிட்டு வந்தேன். கலப்பைய தூக்கச் சொன்னாரு, இஞ்சின ஆஃப் பண்ணச் சொன்னாரு, பீடி பத்த வச்சாரு. பீடி முடியறதுக்குள்ள கலப்பை தானா தரைக்கு வந்துடுச்சு. "பம்புல ஒண்ணும் இல்லடா தம்பி, சிலிண்டர்ல ஒழுகுது. ஒழுகினா கை இறங்கும், இறங்கினதும் பம்பு திரும்ப ஏத்தும், அதான் ஆடுது"ன்னாரு. மறுபடியும் கவர தூக்கினோம். பிஸ்டன்ல இருக்கிற ஓ ரிங், ஆயில் ஒழுகாம அடைக்கிற ரப்பர் வளையம், அறுந்து கிடக்குது. 180 ரூபா. நூத்தி எண்பது! அதுக்கு 18,500 அழுதுட்டு, நல்லா இருந்த எங்க பம்பையும் நானே பேக் பண்ணி அவனுக்கு அனுப்பியிருக்கேன்.

என்ன பாக்கணும்னு வரிசையா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது, சுருக்கமா சொல்லிடறேன். முதல்ல இஞ்சின ஆஃப் பண்ணி பாருங்க, கலப்பை இறங்கினா சிலிண்டர் பக்கம் ஒழுகல். இறங்காம நிக்குது, தூக்கும்போது மட்டும் விட்டு விட்டு தூக்குதுன்னா ஆயில் அளவு, ஸ்ட்ரெய்னர் (ஆயில் வடிகட்டுற வலை) பாருங்க, அதுக்கப்புறம்தான் பம்ப் வால்வு. ஆயில் பால் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. பழைய சாமான கைய விட்டு விடாதீங்க. காசு போச்சுன்னு தெரிஞ்ச உடனே ஆன்லைன் பண மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க, நான் பதினோரு நாள் "அண்ணே அண்ணே"ன்னு கெஞ்சிட்டு அப்புறம் போட்டேன்.

இன்னொண்ணு. எங்க பம்ப் ஓரத்துல அப்பா சென்டர் பஞ்ச்ல மூணு புள்ளி அடிச்சு வச்சிருந்தாரு. நீல பெயிண்ட சுரண்டி பாத்து யாருக்காவது அந்த மூணு புள்ளி தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. பயப்படாதீங்க, நல்ல பம்புதான் அது.