ஒற்றைப் புள்ளியா, இரட்டைப் புள்ளியா: ஸ்குவாஷ் பந்தைத் தீர்மானிக்கும் சூடு

நான்கு சுவர்களுக்குள் ரப்பர் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷை வார இறுதிகளில் ஆடும் எங்கள் குழு, இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்தை விட்டு ஒற்றை மஞ்சள் புள்ளிப் பந்துக்கு மாறிவிட்டது. பந்தின் மேலுள்ள புள்ளிகள் அது எவ்வளவு துள்ளும் என்பதைக் குறிக்கும்; ஒற்றைப் புள்ளியைவிட இரட்டைப் புள்ளி குறைவாகத் துள்ளும். எங்களைப் போன்ற நடுத்தர ஆட்டக்காரர்களுக்கு ஒற்றைப் புள்ளியே ஏற்றது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

அளவிலும் எடையிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே: 40 மில்லிமீட்டர் விட்டம், 24 கிராம். பன்னாட்டுப் போட்டிகளில் ஆடப்படுவது இரட்டைப் புள்ளி என்பதால் பலரும் யோசிக்காமல் அதையே வாங்குகிறார்கள்.

ஆனால், அந்தப் பந்து சூடான நிலைக்கென்றே உருவாக்கப்பட்டது. உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் வரையறைப்படி 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து, 23 டிகிரி செல்சியஸில் 12 சதவீத உயரம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர் எழும்பினாலே போதும். 45 டிகிரியிலோ குறைந்தது கால் பங்காவது, அதாவது 63 சென்டிமீட்டருக்கு மேல் எழும்ப வேண்டும். உள்ளிருக்கும் காற்று விரிவதே இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த 22 டிகிரி ஏற்றத்தில் காற்றழுத்தம் 7 சதவீதம் அளவுக்கே கூடுகிறது. பெரும் மாற்றம் ரப்பரில்தான் நிகழ்கிறது: குளிர்ந்த ரப்பர் நசுங்கும்போது வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழந்துவிடுகிறது, சூடேறிய ரப்பர் அதில் கூடுதல் பங்கைத் திருப்பித் தருகிறது.

அந்தச் சூடு நம் அடியிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு அடியிலும் ஏறும் வெப்பத்தைச் சுவரும் காற்றும் உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால், வேகமாகவும் இடைவிடாமலும் அடிப்பவர்களால் மட்டுமே பந்தை 45 டிகிரிக்கு அருகில் வைத்திருக்க முடியும். குளிரூட்டப்பட்ட கோர்ட்டில் எங்கள் அடிக்கு அது எட்டவில்லை. பின்மூலையில் விழுந்த பந்து எழாமலே கிடந்தது, ஆட்டம் இரண்டு மூன்று அடிகளில் முடிந்தது, அதனால் பந்து மேலும் குளிர்ந்தது. ஒற்றைப் புள்ளிப் பந்து சுமார் 10 சதவீதம் கூடுதல் நேரம் காற்றில் நிற்பதாக டன்லப் நிறுவனம் குறிப்பிடுகிறது. பின்மூலைக்கு ஓடிச் சேர அந்தச் சிறு அவகாசமே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

மின்விசிறி மட்டுமே உள்ள கோர்ட்டில், சென்னையின் மே மாத வெயிலில், வலுவாக அடிப்பவர்கள் ஆடினால் என் பரிந்துரை மாறும். முன்சுவரருகே மெதுவாக இறக்கும் பந்துகூட அங்கே துள்ளி எழுந்துவிடும் என்பதால் இரட்டைப் புள்ளியே நல்லது. குளிர்ந்த மலையூர்களில் ஆடிய அனுபவம் எனக்கு அதிகமில்லை. அங்கே இன்னும் துள்ளலான சிவப்புப் புள்ளிகூடப் பொருந்தலாம்.

வாங்குமுன், இப்போது ஆடும் பந்தை ஆட்டத்தின் நடுவே உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். கையைவிட அது தெளிவாகச் சூடாக இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியையே வாங்குங்கள்.