"என் சொந்த முறை" என்ற கோச்சிடம் அரை மாதச் சம்பளத்தை விட்டேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று ராத்திரிதான் முழு விஷயமும் புரிந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வலுப்பயிற்சி சொல்லித்தரும் ஒரு கோச்சிடம் அரை மாதச் சம்பளத்தைக் கட்டி ஏமாந்தேன். பெயர் வேண்டாம்.

கட்டவைத்தது ஒரு போன்கால். இருபது நிமிஷம் ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) எவ்வளவு, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது) எவ்வளவு, முன்னே அடிபட்டதுண்டா என்று டாக்டர் மாதிரி விசாரித்துவிட்டு, "பத்து வருஷமா நானே சோதிச்சு உருவாக்கின முறை, வெளியே எங்கேயும் கிடைக்காது, உங்களுக்காகவே நம்பர் போட்டுத் தரேன்" என்றார். அந்த 'உங்களுக்காகவே'யில் விழுந்துவிட்டேன். போனை வைத்த கையோடு பணம் போய்விட்டது.

வந்தது ஓர் எக்ஸெல் ஷீட். எல்லாம் மேக்ஸில், அதாவது ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில், இத்தனை சதவீதம் என்ற கணக்கு. முதல் வாரம் 65, 75, 85 சதவீதம், ஒவ்வொன்றும் ஒரு செட், செட்டுக்கு ஐந்து ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்). அடுத்த வாரம் 70, 80, 90, மும்மூன்று. மூன்றாவது வாரம் 75, 85, 95, அதில் ஐந்து, மூன்று, ஒன்று. கடைசி செட்டில் முடிந்தவரை ரெப். நான்காவது வாரம் டீலோட், அதாவது எடையைக் குறைத்து உடம்பைத் தேற்றுவது. தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். அமெரிக்க வலுப்பயிற்சியாளர் ஜிம் வெண்ட்லர் 2009-இல் வெளியிட்ட 5/3/1 என்ற பயிற்சித் திட்டம்தான், ஓர் எண்கூட மாறவில்லை. ஜிம்மில் பக்கத்தில் நின்றவர் என் போனை எட்டிப் பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

காப்பி அடித்ததைக்கூட விட்டுவிடலாம். எடையைப் படிப்படியாகக் கூட்டுவதையே 1940-களில் தாமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் காயம்பட்ட வீரர்களுக்காக ஒழுங்குபடுத்தினார். இந்தத் துறையில் கடன் வாங்காதவர் யார்? வாங்கிய இடத்தைச் சொல்லியிருந்தால் நானே போய்ப் படித்திருப்பேன். முழு மேக்ஸில் சதவீதம் போடாதே, அதில் 90 சதவீதத்தை எடுத்து அதன்மேல் போடு என்று வெண்ட்லர் முதலிலேயே சொல்வது கண்ணில் பட்டிருக்கும். இந்தக் கோச் அதை நீக்கிவிட்டார். ஷீட்டில் பி-க்கு அடுத்து நேராக டி பத்தி வந்தது. நடுவில் மறைத்துவைத்திருந்த சி-யை நேற்று திறந்தேன், 0.9 என்று சும்மா உட்கார்ந்திருக்கிறது!

என் டெட்லிஃப்ட் மேக்ஸ் 100 கிலோ. மூன்றாவது வாரம் 85.5 தூக்க வேண்டியவன் 95 தூக்கினேன். அடுத்த சுற்றுக்கு மேக்ஸ் எண்ணில் 5 கிலோ கூட்டச் சொன்னார், அப்போது அதே செட் கிட்டத்தட்ட 100 வந்தது, அதிலும் "முடிந்தவரை"யாம். முதுகு பிடித்துக்கொண்டது.

கேட்டதற்கு முதலில் "தூக்கம் போதல". இரண்டு நாள் கழித்து "புரதம் போதல". வெண்ட்லர் பெயரை எடுத்ததும், "இந்த ஃபீல்டுல யாரும் புதுசா எதுவும் கண்டுபிடிக்கிறதில்ல பிரதர்". அப்படியானால் பத்து வருஷம் எதைத்தான் சோதித்தாராம்? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஃபைல் அனுப்பியாச்சு, தர முடியாது என்று ஒரே வரி, அப்புறம் பிளாக். அரை மாதச் சம்பளம் சார், ஓர் எக்ஸெல் ஷீட்டுக்கு!

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், முதுகு உட்கார விடவில்லை. "சொந்த முறை" என்று யாராவது சொன்னால் யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். ஷீட்டில் இருக்கும் எண்களை அப்படியே போட்டுத் தேடுங்கள். மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். மறைத்துவைத்த பத்தி இருந்தால் எடையைத் தொடுவதற்கு முன்னால் திறந்து பாருங்கள்.