ஓவன் ஓய்ந்துவிட்டது, வினிகர் சீசா ஓயவில்லை: பிலிப்பைன்ஸ் சமையலில் எட்டு ஆண்டு

2017இல் லகூனா மாகாணத்தின் லோஸ் பான்யோஸ் ஊருக்குக் குடிவந்தபோது என் பெட்டியில் ஒரு டேபிள்டாப் கிரைண்டர், ஒரு இண்டாலியம் வாணலி, ஒரு புட்டுக்குழாய், இரண்டு கிலோ புளி இருந்தன. கணவருக்கு இங்குள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. நம் ஊர் வயல்களில் விளைந்த ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 எல்லாம் இங்கிருந்து வந்தவைதான். வந்த மூன்றாம் மாதம் 4,000 பெசோ கொடுத்து 30 லிட்டர் மின்சார ஓவன் ஒன்றும் வாங்கினேன். இவற்றில் எது உழைத்தது, எது பரணுக்குப் போனது, பிலிப்பினோ சாப்பாட்டை வீட்டில் செய்வது பட்ட பாட்டுக்குத் தகுமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பணத்தைக் கொட்டியது ஓவனில்; சமையலைக் கற்றுக்கொடுத்தது சந்தையில் வாங்கிய வினிகர்.

வினிகருக்கு இங்கே ‘சூக்கா’ என்று பெயர். முதல் ஆண்டு முழுவதும் கடையில் கிடைத்த வெள்ளை வினிகரை வைத்தே ஓட்டினேன். வினிகரில் வேகவைக்கும் கோழி அடோபோ செய்தால் தொண்டையைப் பிடிக்கும் ஒரு காட்டம் இருக்கும். சமையல் குறிப்பு தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தவறு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கரண்டி, இன்னொன்று வாணலி.

கரண்டியைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு அம்மா. அவரை நான் ‘ஆத்தே’ என்றுதான் அழைக்கிறேன். தகாலோக் மொழியில் மூத்த சகோதரி என்று பொருள். தமிழ்க் காதில் ‘ஆத்தா’ என்றே விழும். ஒருநாள் நான் அடோபோ கிண்டிக்கொண்டிருந்தபோது வந்தவர், கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். “சூக்கா வேகவேண்டும். அதுவரை தொடாதே, மூடாதே” என்றார். வினிகர் ஊற்றியபின் கொதி வந்து, மூக்கைத் துளைக்கும் அந்தப் பச்சை வாடை போகும்வரை கிளறக்கூடாது, மூடி போடக்கூடாது என்பது இங்குள்ளவர்களின் அடுப்படிச் சட்டம். புளிக்குழம்பில் பச்சை வாசனை போகக் காத்திருப்பவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. ஆனால் கை சும்மா இருக்க மறுக்கிறது. மூடியைத் திறந்துவைத்தால் காட்டம் ஆவியோடு போய்விடும் என்பது எனக்குப் புரிகிறது. கிளறினால் என்ன கெடுகிறது என்று ஆத்தேயிடம் கேட்டேன். “என் அம்மா கிளறமாட்டார்” என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

வாணலிக் குற்றம் பிறகு வெளிப்பட்டது. மிச்சமான அடோபோவை இண்டாலியம் வாணலியிலேயே இரவு முழுவதும் விட்டிருந்தேன். காலையில் குழம்பு கறுத்து, நாக்கில் ஐந்து பைசாவை வைத்தது போன்ற ஓர் உலோகச் சுவை. கழுவிப் பார்த்தால் வாணலியின் உட்புறத்தில் பொடிப்பொடியாக அரிப்பு. அலுமினியத்தை அமிலம் தின்னும் என்று பள்ளியில் படித்தது அன்றுதான் நினைவுக்கு வந்தது. அதன்பின் சந்தையில் ‘பலாயோக்’ என்ற மண்சட்டி வாங்கினேன். நம் மீன்குழம்புச் சட்டியின் உடன்பிறப்புதான். இந்த எட்டு ஆண்டில் இரண்டு உடைந்தன, மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது.

நிலைத்துப்போன அளவு இது: ஒரு கிலோ கோழிக்கு அரை கப் வினிகர், கால் கப்புக்குச் சற்று மேலே சோயா சாஸ், ஒரு முழுப் பூண்டு, ஒரு தேக்கரண்டி முழு மிளகு, மூன்று பிரிஞ்சி இலை. தண்ணீர் கோழியே விடும். மறுநாள் வைத்துச் சாப்பிட்டால்தான் அடோபோ. அன்றே சாப்பிடுவது அவசரக்காரர் வேலை. சோயா சாஸ் சேர்க்காமல் உப்பு மட்டும் போட்டுச் செய்யும் வெள்ளை அடோபோதான் பழைய வகை என்கிறார்கள், இப்போதெல்லாம் எனக்கும் அதுதான் பிடிக்கிறது. அடோபோ என்ற பெயர் ஸ்பானியருடையது, முறை இந்த மண்ணுடையது. 1613இல் ஒரு ஸ்பானியப் பாதிரியார் தொகுத்த தகாலோக் அகராதியிலேயே ‘உள்ளூர்க்காரர்களின் அடோபோ’ என்று குறிப்பு இருக்கிறது. அந்த அகராதி அச்சானது இதே லகூனாவின் பீலா ஊரில். இங்கிருந்து ஜீப்னி என்ற ஷேர் வண்டி பிடித்தே போய்வரலாம்.

வினிகரில் வகை பார்த்து வாங்குங்கள். வடக்கே இலோகோஸ் பகுதியின் கரும்பு வினிகர் பழுப்பு நிறம், லேசான இனிப்பு. அடோபோவுக்கு என் தேர்வு அதுவே. புலாகான் மாகாணத்தின் பாவோம்போங் வினிகர் சதுப்புநிலத்து நிப்பா பனையின் சாற்றிலிருந்து வருகிறது. கலங்கலாக இருக்கும், பச்சையாகத் தொட்டுக்கொள்ளச் சுகம். தென்னங்கள்ளைப் புளிக்கவிட்டு எடுப்பது மூன்றாவது. எங்கள் சந்தையில் அது பழைய ஜின் சீசாக்களில்தான் வரும். அதில் பச்சை மிளகாய், பூண்டு, இஞ்சி, மிளகு போட்டு ஊறவைத்தால் இலோய்லோக்காரர்களின் ‘சினாமாக்’. என் சமையல்மேடையில் இருக்கும் சினாமாக் சீசா 2019இல் நிரப்பியது. குறையக் குறைய ஊற்றுகிறேன், மிளகாய் வெளுத்தால் மாற்றுகிறேன். பொரித்த மீன், வறுத்த கடலை, ஏன், சில நாள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் வெள்ளரிக்காய்க்கும் அதுதான். சீசா ஒட்டுத்தாளில் அசெட்டிக் அமிலமும் தண்ணீரும் மட்டும் எழுதியிருந்தால் பாத்திரம் விளக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கிலோ புளி என்னவாயிற்று என்று கேட்கலாம். சினிகாங் என்ற புளிப்புச் சாற்றுக்கு அதைக் கரைத்து ஊற்றி, முள்ளங்கி, வெண்டைக்காய், காராமணி, வள்ளைக்கீரை எல்லாம் போட்டு ஆத்தே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. கூடவே ஒரு செய்தி: “நன்றாக இருந்தது. ஆனால் இது சினிகாங் இல்லை.” பழுத்த புளி கொடுக்கும் பழுப்பு நிறமும் இனிப்பும் அதை ரசமாக்கிவிட்டன. சினிகாங்குக்குப் பச்சைப் புளியங்காயை வேகவைத்து, மசித்து, வடிகட்டிய சாறுதான் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இப்போது பொடிப் பாக்கெட்தான். நானும் வார நாட்களில் அதுதான். வெட்கமில்லை.

இனி ஓவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, 1,500 வாட். முதல் ஆசை பான் டி சால். பெயருக்கு ‘உப்பு ரொட்டி’, வாயில் வைத்தால் லேசான இனிப்பு. உள்ளங்கை அளவு, மேலே ரொட்டித்தூள் பூசியது, காலையில் காபியோடு. கோதுமை இந்த நாட்டில் வணிக அளவில் விளைவதில்லை. மாவு முழுவதும் இறக்குமதிக் கோதுமையில் அரைப்பது. கடையில் ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’, ‘தேர்டு கிளாஸ்’ என்று மாவுக்கு ரயில் பெட்டி போலப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் வகுப்பில் புரதம் அதிகம், ரொட்டிக்கு. மூன்றாம் வகுப்பு பிஸ்கட், கேக்குக்கு. இது தெரியாமல் விலை குறைந்ததை வாங்கி இரண்டு மாதம் கல் சுட்டேன்.

மாவு சரியானதும் ஓவனின் குணம் தெரிந்தது. அடி கருகும், மேல் வெளுத்திருக்கும். தனியாக ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்டதில், குமிழ் 180 என்று காட்டும்போது உள்ளே 210. இதற்கு நான் கண்ட வழி: குமிழை 160இல் நிறுத்துவது, தட்டுக்கு அடியில் இன்னொரு காலித் தட்டு, பாதியில் ஒருமுறை திருப்பிவைப்பது. 500 கிராம் மாவுக்கு 7 கிராம் ஈஸ்ட், 80 கிராம் சர்க்கரை, 300 மில்லி பால். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மாவு 40 நிமிடத்தில் இருமடங்காகிவிடுகிறது. நீளமான உருளையாக உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, வெட்டிய பக்கம் மேலே தெரிய அடுக்கினால் கடைப் பான் டி சால் போலவே வருகிறது. அப்படி வந்த அன்றுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது: தெருமுனை அடுமனையில் விடிகாலை சூடாக, சில்லறைக் காசுக்குக் கிடைப்பதை நான் ஏன் மூன்று மணி நேரம் செலவழித்துச் செய்கிறேன்? இப்போது முருங்கைக்கீரை சேர்த்த பான் டி சால் மட்டும் எப்போதாவது செய்கிறேன். முருங்கை இங்கே ‘மலுங்காய்’. வீட்டு மரத்தில் சும்மா கிடக்கிறது, கடைக்காரர்கள் பெயருக்குத்தான் தூவுகிறார்கள்.

ஊபே பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஊதா நிறக் கிழங்கு. யாழ்ப்பாணத்தவருக்கு இராசவள்ளி என்றால் உடனே புரியும். வேகவைத்துத் துருவி, பாலும் சுண்டிய பாலும் வெண்ணெயும் சேர்த்து முக்கால் மணி நேரம் கிளற வேண்டும். திருநெல்வேலி அல்வா கிண்டிய கைகளுக்கே வலிக்கும். கண்ணைப் பறிக்கும் ஊதா வந்தால் அது எசென்ஸ். கிளறி முடித்ததையே பாட்டிலில் வாங்குங்கள்.

உண்மையான சந்தோஷம் கிரைண்டரால் வந்தது. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை. தேவாலயத்தைவிட்டு வெளியே வந்தால் பிபிங்கா வாசனை. வாட்டிய வாழையிலை போட்ட மண்தட்டில் அரிசி மாவு ஊற்றி, அடியிலும் மூடிமேலும் தணல் வைத்துச் சுடுவது. பிரியாணிக்குத் தம் போடுகிற அதே யோசனை. ஊறவைத்து அரைத்த அரிசி மாவுக்கு ‘கலபோங்’ என்று பெயர். பொட்டலத்தில் வரும் காய்ந்த மாவை வைத்துச் செய்பவர்கள் நடுவில், அரிசி ஊறப்போட்டு அரைக்கும் என்னைப் பார்த்து ஆத்தே முதன்முறையாக மரியாதையாகத் தலையசைத்தார்.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு, கிரைண்டர் கொண்டுவர நினைப்பவர்களுக்கு. இங்கே வோல்டேஜ் 220தான், பிளக் மட்டும் தட்டையான இரட்டைக்கால். ஆனால் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. கிரைண்டர் மோட்டார் அதனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றுகிறது. மாவு சீக்கிரம் சூடாகிறது; ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கிறேன். எட்டு ஆண்டில் பெல்ட் இருமுறை மாற்றினேன், வேறு செலவில்லை.

ஓவனில் சுட்ட பிபிங்கா பத்துக்கு ஏழு. உப்பு முட்டைத் துண்டும், சாந்தா குரூஸ் பக்கத்து எருமைப்பால் வெண்பாலாடைக்கட்டியும் வைத்து, வெண்ணெய் தடவி, தேங்காய்த்துருவல் தூவினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் இலை கருகும் அந்தப் புகைவாசனை கம்பியில் வராது. 2021இல் மின்சாரம் போன ஒரு மாலை, இங்கே அதை ‘பிரவுனவுட்’ என்பார்கள், கலந்துவைத்த மாவைக் கரி அடுப்புக்கு மாற்றி, மூடிமேல் தணல் பரப்பினேன். முதல் பிபிங்கா ஒரு பக்கம் கரி. இரண்டாவதைச் சாப்பிட்ட என் மகள் ஓவனைப் பார்த்து, “இது எதற்கு?” என்றாள்.

புட்டுக்குழாய்க்கும் இங்கே வேலை கிடைத்தது. அதே டிசம்பரில் விற்கும் ‘பூத்தோ பும்போங்’ மூங்கில் குழாயில் ஆவியில் வேகும் ஊதாப் புட்டு. பும்போங் என்றால் மூங்கில் குழாய். பெயரையும் உருவத்தையும் பார்த்து நானும் துள்ளினேன். ஆனால் அது ஒட்டும் அரிசி. ஊறவைத்து அரைத்து, துணியில் கட்டி, கல் வைத்து இரவு முழுவதும் நீர் வடித்து, காலையில் உதிர்த்து நிரப்பவேண்டும். எவர்சில்வர் குழாயில் முதல்முறை வைத்தது உள்ளேயே அப்பிக்கொண்டு, குத்தித்தான் எடுத்தேன். உட்புறம் தாராளமாக வெண்ணெய் தடவி, பாதி மட்டும் தளர்வாக நிரப்பினால் வழுக்கி வருகிறது. நடுவில் தேங்காய் அடுக்கக்கூடாது. எல்லாம் மேலே, நாட்டுச் சர்க்கரையோடு.

இந்த ஒற்றுமைகளில் மயங்கிவிடவும் கூடாது. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தபோது கூட வந்த மதராஸ் சிப்பாய்களில் சிலர் 1764இல் திரும்பாமல் கைந்தா ஊரில் தங்கிவிட்டார்கள். காரே-காரே என்ற குழம்பு அவர்கள் வைத்த கறி என்று ஒரு கதை சொல்வார்கள். நான் அதை ஆவலாகச் செய்து பார்த்தேன். வேர்க்கடலை விழுது, மாட்டுவால், வாழைப்பூ. மல்லியும் இல்லை, மிளகாயும் இல்லை. தனியாக வைக்கும் இறால் கருவாட்டு விழுதைத் தொட்டுச் சாப்பிட்டால் அருமை. ஆனால் மதராஸைத் தேடினால் ஏமாற்றம்தான்.

சைவக்காரர்கள் கேட்பார்கள். அம்மா இங்கே இரண்டு மாதம் தங்கியபோது காராமணியிலும் வள்ளைக்கீரையிலும் அடோபோ செய்தேன், மீன்சாறு தொடாமல். வள்ளைக்கீரை அடோபோவை அம்மா ஊருக்குப் போயும் செய்கிறார், வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்து. ஆத்தேயிடம் இன்னும் சொல்லவில்லை.

ஓவனின் கீழ்க்கம்பி போன மார்ச்சில் போயிற்று. பழுதுபார்ப்பவர் 1,800 பெசோ கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குள் பிபிங்கா தட்டுகளும் வாழையிலைக் கட்டும் வைத்திருக்கிறேன்; எறும்பு ஏறுவதில்லை.