ஜெம், டிஎன்டெண்டர்ஸ்: டெல்டாவில் சிறுதொழில் செய்பவர்களுக்கு எது எவ்வளவு உதவும்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பட்டறை, அச்சகம், மரச்சாமான் கடை, ஆள் அனுப்பும் ஏஜென்சி என்று சிறிய அளவில் தொழில் நடத்துபவர்கள் அரசு ஆர்டருக்குப் போக முக்கியமாக இரண்டு வாசல்கள் இருக்கின்றன. மத்திய அரசு நிறுவனங்கள் பொருளும் சேவையும் வாங்கும் இணையச் சந்தையான ஜெம் ஒன்று. மாநிலத் துறைகள் டெண்டர் விடும் இணையதளமான டிஎன்டெண்டர்ஸ் இன்னொன்று. இரண்டையும் பல சீசன் புழங்கிய பிறகு சொல்வது இது: கைமுதல் குறைவு என்றால் ஜெம்மில் ஆரம்பியுங்கள். அடுத்து மாநிலத் துறைகளின் சப்ளை டெண்டருக்குப் போங்கள். மண்வேலையும் கட்டட வேலையும் கடைசியாக இருக்கட்டும். போட்ட பணம் எத்தனை மாதம் முடங்கும் என்பதை வைத்தே இந்த வரிசை.

முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்று மத்திய அரசிடம் பதிவது. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் செய்யும் தொழிலின் குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரும்பு மேசை செய்கிற பட்டறை 'வியாபாரம்' என்று மட்டும் பதிந்துவிட்டால் ஈஎம்டி (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) விலக்கு போய்விடும். அது உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் உண்டு, வாங்கி விற்பவருக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

ஜெம்மில் நம் பக்கத்து வாங்குபவர்கள் நிறையவே உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், கொஞ்சம் தள்ளிப் போனால் திருச்சி என்ஐடி, மின் இயந்திரங்கள் செய்யும் பெல். 50,000 ரூபாய் வரை நேரடியாகவே ஆர்டர் போட்டுவிடலாம் என்பதால், பொருள் பட்டியலைப் படத்தோடும் அளவோடும் ஒழுங்காக ஏற்றி வைத்தவருக்குச் சின்னச் சின்ன ஆர்டர்கள் வரும். 10 லட்சம் வரை மூன்று தயாரிப்புகளை ஒப்பிட்டு விலை குறைந்ததை எடுப்பார்கள். அதற்கு மேல் பிட், அதாவது விலைப் போட்டி. 10 லட்சத்துக்கு உட்பட்ட ஆர்டருக்கு ஜெம் கட்டணம் எதுவும் பிடிப்பதில்லை. மத்திய அரசின் கொள்முதல் கொள்கைப்படி வருடக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அந்த 25-க்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. எல்1 (மிகக் குறைந்த விலை போட்டவர்) விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் நீங்கள் இருந்து, எல்1 பெரிய நிறுவனமாக இருந்தால், அதே விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கு ஆர்டரை எடுக்கும் வாய்ப்பும் இருக்கிறது. சிவில் வேலைக்கு இந்தச் சலுகைகள் கிடையாது.

பிட் ஆவணத்தில் முதலில் படிக்க வேண்டியது கடைசிப் பக்கங்களை. வாங்குபவர் தன் பங்குக்குச் சேர்க்கும் கூடுதல் நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். பொருளை மாடிக்கு ஏற்றிப் பொருத்தித் தர வேண்டும், குறிப்பிட்ட ஊரில் சர்வீஸ் ஆள் இருக்க வேண்டும் என்பவை எல்லாம் அதில்தான் வரும். டெலிவரி இடங்களின் பட்டியலையும் பாருங்கள். போடும் விலை அந்த இடத்தில் இறக்கித் தரும் விலை. ஆறு ஊருக்குப் பிரித்து அனுப்ப வேண்டிய நாற்பது நாற்காலியில் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.

பொருளை இறக்கியதோடு வேலை முடியாது. பெற்றுக்கொண்டவர் ஜெம்முக்குள் போய் ஏற்புச் சான்று போட வேண்டும், அதற்குப் பத்து நாள் கெடு. சான்று ஏறிய பிறகுதான் பில் நகரும். ஸ்டோர் ஆள் சலானில் கையெழுத்துப் போட்டது இதற்குச் செல்லாது. அதனால் பொருள் இறங்கிய அன்றே ஆர்டர் எண்ணோடு அந்த அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.

டிஎன்டெண்டர்ஸ் பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் நம்பிக்கையாக வேலை செய்கிறது. நுழைய மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் தேவை. கையெழுத்துக்கு ஒன்று, குறியாக்கத்துக்கு ஒன்று என இரண்டு சான்றும் கையொப்பத்தை ஏற்றித் தரும் யூஎஸ்பி டோக்கனில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். பான், ஜிஎஸ்டி, உத்யம், வரவு செலவுக் கணக்கு எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில், 100 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து 'மை டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் ஏற்றி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். பிடித்த டெண்டரை 'ஃபேவரிட்' செய்து வையுங்கள், திருத்த அறிவிப்பு வந்தால் தகவல் வரும். கடைசித் தேதி, அளவு, தகுதி எதுவும் திருத்தத்தில் மாறலாம். 2 கோடி வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்பது விதி.

விலை போடும் எக்ஸெல் தாளில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். நிறம் போட்ட கட்டங்களில் மட்டுமே எழுத வேண்டும், ஃபைலின் பெயரை மாற்றவே கூடாது. பதிவிறக்கும்போது கம்ப்யூட்டர் தானாக '(1)' என்று ஒட்டுவதும் பெயர் மாற்றம்தான், டெண்டர் தள்ளுபடியாகலாம். துறையின் மதிப்பீட்டைவிட எத்தனை சதவீதம் கூட, குறைய என்று விலை சொல்லும் சதவீத டெண்டரில் 'கூடுதல்', 'குறைவு' என்று தேர்ந்தெடுக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் மாற்றித் தேர்ந்தால் 4 சதவீதக் குறைவு 4 சதவீதக் கூடுதலாகிவிடும். எல்லாம் ஏற்றியபின் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தி, பிட் எண்ணும் நேரமும் உள்ள ரசீது வந்தால்தான் டெண்டர் போட்டதாக அர்த்தம். நேரம் சர்வர் கடிகாரப்படி. கடைசி நாள் மத்தியானத்தை நம்பாதீர்கள், முந்தின நாளே முடியுங்கள். கெடு முடியும்வரை திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம்.

டோக்கனைப் பிரவுசிங் சென்டரில் கொடுத்து வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். போட்டியாளர்கள் நாலு பேருடைய டெண்டர் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து போனால், கூட்டுச் சேர்ந்து போட்டதாகத் தணிக்கையில் சந்தேகம் வரும். உங்கள் கையெழுத்து அடுத்தவர் மேசையில் கிடக்கிறது என்பதும் சின்ன விஷயமில்லை.

தூர்வாரும் வேலைக்கு வருவோம். வேலை கோடையில்தான் நடக்கும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் வாய்க்காலை முடித்துக் கொடுக்க வேண்டும். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். இங்கே பில் என்பது மட்டம் எடுப்பதில் இருக்கிறது. வேலைக்கு முன் எடுத்த மட்டத்துக்கும் முடிந்தபின் எடுத்த மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வெட்டிய மண்ணின் கன அளவு. கடைசி மட்டம் எடுப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டால், வெட்டிய ஆழத்தை நிரூபிக்க வழியில்லை. அதனால் இயந்திரம் இறங்கும் முன்பே பொறியாளரோடு நின்று முதல் மட்டத்தைப் புத்தகத்தில் பதிய வையுங்கள். வேலை முழுதும் முடியக் காத்திராமல், முடிந்த நீளத்துக்கு அவ்வப்போது எம் புக்கில் (பில்லுக்கான அளவுப் பதிவேடு) அளவு ஏற்றச் சொல்லுங்கள். மதிப்பீட்டைவிட ரொம்பவும் குறைத்துப் போட்டால் கூடுதல் பிணைத்தொகையும் கேட்பார்கள், அந்தப் பணமும் முடங்கும்.

விலை போடும்போதே பிடித்தங்களைக் கழித்துப் பாருங்கள். வருமான வரி தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2. ஒப்பந்தம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி டிடிஎஸ் (பில்லிலேயே பிடிக்கும் வரி) 2 சதவீதம். கட்டுமான வேலை என்றால் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம். வரிப் பிடித்தங்களைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம், நல நிதி திரும்பி வராது.

பொருளோ சேவையோ தந்து பணம் இழுபட்டால் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் கைகொடுக்கும். கெடு அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் மனு போட்டால், இந்தத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். உத்யம் பதிவு சப்ளைக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், பணம் நின்றபின் பதிந்தால் சிக்கல்.

மாநில டெண்டரில் ஏற்பு உத்தரவு தவறு என்று பட்டால் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் போக வேண்டும். தோற்ற டெண்டரின் முடிவுப் பக்கத்தையும் விடாதீர்கள். யார் எடுத்தார், என்ன விலைக்கு எடுத்தார் என்பது போர்ட்டலில் இருக்கும். துறைவாரியாக ஒரு நோட்டில் எழுதி வந்தால், அடுத்த வருடம் அதே டெண்டர் வரும்போது எந்த விலைக்குக் கீழே போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.