ரீஇன்ஸ்டால் பாதியில் நின்ற பழைய லேப்டாப், இரண்டு வருடத்துக்கு அப்புறம்

2013-ல் வாங்கிய லேப்டாப் இது. மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். 2019-ல் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன், கூடவே இன்னொரு 4 ஜிபி ராம் சேர்த்தேன். இன்றும் தினமும் ஓடுகிறது. ஆனால் 2023 கடைசியில் விண்டோஸ் 10-ஐ ரீஇன்ஸ்டால் செய்யப் போய் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன். பழைய கணினியைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

ஏன் ரீஇன்ஸ்டால் செய்ய நினைத்தேன் என்பதிலிருந்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் விடை அங்கேதான் இருந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை விண்டோஸ் விழுந்து நீலத்திரை வரும். ஜிப் கோப்பைப் பிரித்தால் சில சமயம் பிழை காட்டும், அதையே திரும்பப் பிரித்தால் ஒழுங்காக வரும். பிரௌசரில் திறந்திருக்கும் பக்கம் காரணமில்லாமல் விழுந்துவிடும். விண்டோஸ் பழசாகிவிட்டது, குப்பை சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன், நாலைந்தைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தன. பென்டிரைவில் இன்ஸ்டாலரைப் போட்டு பூட் செய்தேன்.

முதல் தடை சின்னதுதான். டிஸ்க்கில் இருப்பது எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை (டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் பழைய முறை), இஎஃப்ஐ முறையில் ஜிபிடி (அதன் புதிய முறை) டிஸ்க்கில்தான் நிறுவ முடியும் என்று இன்ஸ்டாலர் சொல்லிவிட்டது. பழைய விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில் போடப்பட்டது, பென்டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் (இஎஃப்ஐ என்பதும் இதுதான்) எழுந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அங்கேயே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் கறுப்புத் திரை வரும், அதில் டிஸ்க்பார்ட் என்ற கருவியைத் திறந்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, சுத்தம் செய்து, ஜிபிடியாக மாற்றினேன். இதைச் செய்யும்போது வெளி டிஸ்க்கைக் கட்டாயம் பிடுங்கி வைத்துவிடுங்கள். வரிசை எண்ணை மட்டும் நம்பாமல் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சுத்தம் செய்யும் கட்டளை ‘நிச்சயமா?’ என்றெல்லாம் கேட்காது.

அதோடு பழைய விண்டோஸ் போய்விட்டது, திரும்பும் வழி இல்லை. அப்போதுதான் உண்மையான பிரச்சினை ஆரம்பித்தது. கோப்புகளை எடுத்து வைக்கும் கட்டத்தில் 63 சதவீதத்தில் நின்று, தேவையான கோப்பு பழுதாகியிருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு செய்தி, கீழே 80070570 என்று முடியும் பிழை எண். பென்டிரைவ் கெட்டுப்போயிருக்கும் என்று வேறொன்று மாற்றினேன், 41-ல் நின்றது. இன்ஸ்டாலரை இன்னொரு கணினியில் புதிதாக இறக்கினேன், 78 வரை போய் விழுந்தது. யூஎஸ்பி 3 போர்ட்டை விட்டு 2-ல் செருகிப் பார்த்தேன், அதுவும் உதவவில்லை. இப்படியே இரண்டு நாள் போனது.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். இறக்கிய கோப்பே கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் படிக்கிற பக்கம் சந்தேகப்பட வேண்டும்: ராம், கேபிள், யூஎஸ்பி போர்ட், இப்படி.

மூன்றாம் நாள் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் மாற்றப்பட்ட செக்டர் ஒன்றும் இல்லை, கேபிள் கோளாறைக் காட்டும் சிஆர்சி எண்ணிக்கையும் பூஜ்யம். சரி, இறக்கிய இன்ஸ்டாலர் கோப்பாவது (ஐஎஸ்ஓ) முழுசாக இருக்கிறதா என்று எஸ்எச்ஏ-256 கணக்குப் போட்டேன் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை மாதிரி ஓர் எண் கிடைக்கும்), வெளியிட்டவர்கள் கொடுத்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. சந்தேகத்தில் திரும்பவும் போட்டேன், முதலில் வந்ததோடும் ஒத்துப்போகவில்லை. ஒரே கோப்பு, யாரும் தொடவில்லை, இரண்டு விடை. அந்த நிமிஷமே கோளாறு கோப்பில் இல்லை என்று புரிந்துவிட்டது. கோப்பு ராமுக்கு வந்து தங்கும் இடத்தில் ஏதோ ஒரு பிட் தவறாகத் திரும்பி வருகிறது.

விண்டோஸ் இருந்தபோதே அதோடு வரும் மெமரி சோதனையை ஒரு முறை ஓட்டியிருந்தேன், பிழை இல்லை என்றே சொன்னது. அதனால்தான் ராமை நான் நினைக்கவே இல்லை. இப்போது ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் போட்டேன் (6-ஆம் பதிப்பு முதல் யூஇஎஃப்ஐயிலும் ஓடுகிறது). இருபது நிமிஷத்தில் சிவப்பு வரிகள். எல்லாம் 5 ஜிபிக்கு மேலே உள்ள முகவரிகள், எப்போதும் அதே ஒரு பிட். சாதாரண வேலையில் நினைவகம் அவ்வளவு மேலே அடிக்கடி நிரம்பாமல் இருந்திருக்கும், அதனால் எப்போதாவது ஒரு நீலத்திரையோடு போயிற்று. இன்ஸ்டாலர் பல ஜிபியைச் சுருக்கத்திலிருந்து விரிக்கிறது, விரித்ததைச் சரிபார்க்கவும் செய்கிறது, ஒரு பிட் மாறினாலும் பிடித்துவிடுகிறது.

ராம் கார்டைக் கழற்றி அதன் தங்கநிறக் காலை ரப்பரால் துடைத்துத் திரும்பப் போட்டேன், மாற்றமில்லை. இரண்டு கார்டையும் தனித்தனியாக, இடம் மாற்றி மாற்றிச் சோதித்ததில் 2019-ல் சேர்த்த கார்டு எந்த ஸ்லாட்டில் போனாலும் பிழை கூடவே போனது. அதை வெளியே வைத்துவிட்டு வெறும் 4 ஜிபியில் இன்ஸ்டாலரை ஓட்டினேன், முதல் முயற்சியிலேயே முடிந்துவிட்டது. உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருந்ததால் நெட் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட்டிலேயே வந்துவிட்டது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதற்கு அடுத்ததுதான். படங்களைத் திரும்ப எடுத்து வைக்கும்போது பார்த்தேன், 37 படங்கள் கெட்டிருந்தன; சிலதில் படத்தின் கீழ்ப்பாதியில் சாம்பல் பட்டை, சிலதில் நிறம் முழுக்கத் திரிந்திருந்தது. பழுதான ராம் வழியாகத்தான் அவ்வளவு கோப்பும் வெளி டிஸ்க்குக்குப் போயிருக்கிறது, போகிற வழியிலேயே கெட்டிருக்கிறது. மூலப் படங்கள் இருந்த எஸ்எஸ்டியை நானே துடைத்துவிட்டேன். எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்யும்போது இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று சொல்லும் ட்ரிம் கட்டளையையும் விண்டோஸ் அனுப்பிவிடுவதால், பழையதை மீட்கும் மென்பொருள்கள் ஒன்றையும் காட்டவில்லை. அதனால் கேட்டுக்கொள்கிறேன், பேக்கப் எடுப்பதற்கு முன்னால் ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓடட்டும். ரீஇன்ஸ்டாலுக்கு முன்னால் என்று கூடச் சொல்ல மாட்டேன், பேக்கப்புக்கு முன்னால். எடுத்த பிறகு இரண்டு பக்கமும் எஸ்எச்ஏ கணக்குப் போட்டு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் மட்டும் துடையுங்கள்.

அதற்கப்புறம் நீலத்திரை என்று பார்த்தால் ஒரே ஒரு முறைதான். 2024 நடுவில் மதர்போர்டில் இருக்கும் சின்ன சிஎம்ஓஎஸ் பேட்டரி தீர்ந்து பயோஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகள் அழிந்தன, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐயிலிருந்து வேறொன்றுக்கு மாறியதால் விண்டோஸால் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியவில்லை. தேதியும் பல வருடம் பின்னால் போயிருந்தது, அதனால்தான் சந்தேகம் வந்தது. பேட்டரி மாற்றி, ஏஎச்சிஐ போட்டதும் சரியானது. இதற்கெல்லாம் ரீஇன்ஸ்டால் தேவையே இல்லை.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, பிராசசர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், இந்த லேப்டாப்பில் இரண்டும் கிடையாது. குறுக்கு வழியில் போடலாம் என்பார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை. லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை கொண்ட பதிப்பு போட்டேன், 2029 வரை அப்டேட் உண்டு. அதற்குள் வேறு 4 ஜிபி டிடிஆர்3 கார்டும் போட்டுச் சோதித்துவிட்டேன். எழுத்து வேலை, மெயில், பத்துப் பன்னிரண்டு பிரௌசர் பக்கம் எல்லாம் இழுக்காமல் நடக்கிறது. வீடியோதான் கொஞ்சம் சிரமம், விபி9 என்ற வீடியோ வடிவத்தை இந்த கிராபிக்ஸ் தானாக விரிக்காது, பிராசசர் தலையில் ஏறி ஃபேன் சத்தம் போடும். அதற்குப் பதில் இந்த கிராபிக்ஸ் தானே விரிக்கும் எச்.264 வடிவத்தைக் கேட்டு வாங்கும் ஒரு நீட்சியைப் பிரௌசரில் சேர்த்ததும் அடங்கிவிட்டது.

கெட்ட 37 படங்களில் 11 பழைய போனின் மெமரி கார்டில் கிடைத்தன. மிச்சம் 26 எங்கேயும் இல்லை.